சகதியில் வாழ்வது

மார்ச் 4, திங்கள்

இரண்டாவது மதிப்பீட்டாளர் விளங்கவே மாட்டார்.

முதல் ஆள் என் ஆய்வுக் கட்டுரையில் நான்கு எழுத்துப் பிழைகளைக் காட்டிவிட்டு ஒதுங்கிக்கொண்டார். இந்த இரண்டாவது ஆளுக்கு என் மேல் என்ன பகையோ! ஆணா பெண்ணா, எந்த ஊர் என்று இதழ்க்காரர்கள் சொல்ல மாட்டார்கள். எழுதியிருப்பது ஒரே ஒரு வரி: "ஒரு முறை கிடைத்த ஒன்றை மட்டும் வைத்துப் புதிய சிற்றினம் என்று ஏற்பதற்கில்லை, அதே நிலையத்தின் புதிய கசடிலிருந்து மறுபடி பிரித்தெடுத்துக் காட்டவும்."

மறுபடியாம். கை வலிக்காமல் எழுதியாயிற்று. கழிவுநீர் நிலையத்துக் கசடைக் கலக்கித் தட்டில் பூசி, நான் கண்டுபிடித்த இந்தப் பாக்டீரியா கண்ணுக்குத் தெரியும் புள்ளியாக வளர இருபத்தொரு நாள் காத்திருக்க வேண்டும். மற்றதெல்லாம் ஒரே ராத்திரியில் வளர்ந்து நிற்கும். இது என்னை மாதிரி, எல்லாவற்றிலும் தாமதம். இதன் மரபணு வரிசை, தெரிந்த எந்தச் சொந்தத்தோடும் மூன்றரை சதவீதம் ஒத்துப்போகவில்லை. எங்கள் தொழிலில் ஒன்றரை சதவீதம் விலகினாலே புது இனம். எந்தச் சர்க்கரையைத் தின்கிறது, எவ்வளவு உப்பைத் தாங்குகிறது, உடம்பில் என்னென்ன கொழுப்பு என்று ஒன்றரை வருஷம் உட்கார்ந்து ஜாதகம் கணித்திருக்கிறேன். இரண்டு நாட்டுக் கிருமி வங்கிகளில் உயிரோடு ஒப்படைத்துச் சான்று வாங்கியிருக்கிறேன். பெயரும் வைத்தாயிற்று: லிமிகோலா. லத்தீனில் 'சகதியில் வாழ்வது'.

இந்தக் கட்டுரையை ஏற்றால்தான் ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க முடியும். ஜூன் 28-ஓடு என் பதிவு முடிகிறது. ஏழு வருஷம், இரண்டு நீட்டிப்பு, இனிமேல் கிடையாது. அதற்குள் முடியாவிட்டால் முப்பத்தெட்டு வயதில் நான் வெறும் எம்.எஸ்சி. சங்கரவடிவுதான்.

கைடு ஞானதிரவியம் சார் சிரித்துக்கொண்டே, "இதுக்கு ஏம்மா மூஞ்சத் தூக்குத? இன்னொரு தடவ எடுத்துட்டாப் போச்சு" என்றார். அவருக்கென்ன, எடுக்கப்போவது நான்.

மார்ச் 6, புதன்

கழிவுநீர் நிலையத்துக்குப் போனேன். இரண்டு பஸ், அப்புறம் ஒன்றரை கிலோமீட்டர் வெயில். ஆபரேட்டர் பேச்சிராஜன் என்னைப் பார்த்ததும், "வாங்கக்கா, இன்னும் நீங்க பாஸாகலையா?" என்றான். சுருக்கென்றது. ஏழு வருஷமாக ஒரே பாட்டிலைத் தூக்கிக்கொண்டு வருகிறவளிடம் அவனும் வேறு என்னதான் கேட்பான்?

காற்றுக் கொப்பளிக்கும் தொட்டியில் வாளியை இறக்கி, பழுப்பு நிறக் கசடை மொண்டு தந்தான். "நம்ம ஊரு கக்கூஸ் தண்ணில ஒலகத்துல இல்லாத உசிரு ஒண்ணு இருக்குன்னு எங்க வீட்ல சொன்னேன். அவ நம்பவே மாட்டேங்கா."

"இருக்கு" என்றேன், கத்தாத குறையாக.

பஸ்ஸில் பாட்டிலை மடியில் வைத்திருந்ததைப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் இருந்தவள் எழுந்து வேறு இடத்துக்குப் போனாள். போகட்டும்.

மார்ச் 7, வியாழன்

காலையிலிருந்து தட்டு ஊற்றும் வேலை. இடுப்பு கழன்றுவிட்டது.

கிருமி வளர்க்கும் அகார் கூழை ஆட்டோகிளேவ் என்ற அழுத்தக் கொதிகலனில் வேகவைத்தால் அதிலுள்ள எல்லாக் கிருமியும் செத்துவிடும். ஆனால் இந்த மகாராணிக்கு வைட்டமின் வேண்டும்; வைட்டமினை வேகவைத்தால் கெட்டுவிடும். அதனால் அதைக் காய்ச்சி வடித்த தண்ணீரில் கரைத்து, நுண்வடிகட்டி வழியாக விட்டு, ஆறிய அகாரில் கலக்க வேண்டும். அந்த வடிகட்டியில் எந்தக் கிருமியும் நுழையாது என்பது பாடப்புத்தகம். பிறகு கசடைப் பத்துப் பத்து மடங்காக ஆறு படி நீர்க்கச் செய்து, படிக்கு மூன்று தட்டில் பூசினேன். கசடே படாத கண்ட்ரோல் தட்டு மூன்று, ஊடகம் சுத்தமா என்று பார்ப்பதற்கு. கண்ட்ரோலை மூன்றாம் நாள் பார்த்துவிட்டு எறிவது எங்கள் துறை வழக்கம். தட்டுகளை இளஞ்சூட்டில் வைத்து வளர்க்க இருப்பது ஒரே இன்குபேட்டர், அதற்கு அடித்துக்கொள்வது ஒன்பது பேர்.

எங்கள் துறை அட்டெண்டர் சொரிமுத்து அண்ணாச்சிதான் அந்தக் காய்ச்சி வடித்த தண்ணீர்க் கேனைத் தூக்கி வந்து வைத்தார். வைத்துவிட்டுப் போக வேண்டியதுதானே? "எம்மா, கேன் அடியில வழவழன்னு இருக்கு" என்று ஆரம்பித்தார்.

"பேசாம வச்சுட்டுப் போங்க அண்ணாச்சி. எனக்கு நேரமில்ல."

போய்விட்டார்.

மார்ச் 10, ஞாயிறு

கண்ட்ரோல் தட்டுகள் மூன்றும் சுத்தம். எறிந்தாயிற்று. ஞாயிற்றுக்கிழமையும் இதே பிழைப்பு.

மார்ச் 17, ஞாயிறு

என் வீட்டுக்காரர் நயினாரின் அத்தை மகன் கல்யாணம். பந்தியில் ஒரு சித்தப்பா எல்லாருக்கும் கேட்கும்படி, "என்ன டாக்டரு, எந்த ஆஸ்பத்திரி?" என்றார். அவர்கள் வீட்டு ஆட்கள் அத்தனை பேரும் சிரித்தார்கள். இவரும் சிரித்தார். பாயசத்தை அப்படியே வைத்துவிட்டு எழுந்து வந்தேன்.

மார்ச் 28, வியாழன்

வந்துவிட்டது! வெளிர் ஆரஞ்சு, குண்டூசித் தலை அளவு, ஓரம் வழுவழுப்பு. எங்கே இரண்டாவது மதிப்பீட்டாளர்? அவர் மூஞ்சியில் தேய்க்க வேண்டும் இந்தத் தட்டை.

முதல் படியில் மற்றக் கிருமிகள் அப்பிக் கிடக்கின்றன; நடுவில் தேடி எண்ணினால் நம்முடையது எட்டு. இரண்டாம் படியில் எட்டு. மூன்றில் ஒன்பது. பத்து லட்சம் மடங்கு நீர்த்த ஆறாம் படியிலும் ஏழு, எட்டு, எட்டு. முறைப்படி பத்தில் ஒரு பங்காகக் குறைந்துகொண்டே வந்து கடைசியில் ஒன்றுமே இருக்கக் கூடாது. கட்டியாக ஒட்டிக் கிடந்தது கலக்கக் கலக்கப் பிரிந்திருக்கும், அவ்வளவுதான். இதைப் பற்றி இதற்கு மேல் யோசிக்கப் போவதில்லை.

ஏப்ரல் 1, திங்கள்

எண்ணிக்கை அட்டவணையைச் சார் ரொம்ப நேரம் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார். "இந்த அட்டவண வேண்டாம். கிடைத்ததுன்னு மட்டும் எழுது. கேக்காததக் குடுக்கக் கூடாது, வடிவு."

இரண்டு நாள் உட்கார்ந்து அச்சடித்த அட்டவணை. வயிற்றெரிச்சல். ஏன் என்று கேட்க வாயெடுத்தேன். அவர் போனை எடுத்துவிட்டார். பதிலை அனுப்பியாயிற்று.

ஏப்ரல் 9, செவ்வாய்

இன்குபேட்டரைத் துடைக்கும் முறை இந்த வாரம் எனக்கு. கீழ்த்தட்டின் மூலையில், எம்.எஸ்சி. பிள்ளைகளின் அடுக்குக்குப் பின்னால், என் கையெழுத்தில் ஒரு தட்டு. கண்ட்ரோல், மார்ச் 7. மூன்றையும் எறிந்தேன் என்று மேலே எழுதியிருக்கிறேன். இரண்டைத்தான் எறிந்திருக்கிறேன்.

கசடே படாத தட்டு. அதில் வெளிர் ஆரஞ்சில் எட்டுப் புள்ளிகள்.

மூன்றாம் நாள் பார்த்தால் எப்படித் தெரியும்? இருபத்தொரு நாள் எடுப்பதை மூன்றாம் நாள் பார்த்துச் சுத்தம் சுத்தம் என்று எறிந்துகொண்டிருந்த முட்டாள் உலகத்திலேயே நான் ஒருத்திதான்.

ஏப்ரல் 10, புதன்

வைட்டமின் கரைசல்தான். வேகவைக்காமல் சேர்ப்பது அது ஒன்றே. எல்லாத் தட்டுக்கும் ஒரே அளவு ஊற்றினேன், எல்லாத் தட்டிலும் ஏறக்குறைய எட்டு. அப்படியானால் தண்ணீர். அப்படியானால் கேன். அந்தச் சனியன் வடிகட்டியில் நுழைந்து வெளியே வரும் அளவுக்குச் சிறியது. உறுதிப்படுத்த, கேன் தண்ணீரை நேராகவே தட்டில் பூசி வைத்தேன்.

சொரிமுத்து அண்ணாச்சியை வராந்தாவில் நிறுத்திக் கேட்டேன். எம்.எஸ்சி. பிள்ளைகள் எல்லாரும் பார்த்தார்கள். "இந்தக் கேனக் கழுவி எத்தன வருஷமாச்சு? ஒங்களுக்கு மனசாட்சியே கிடையாதா? என் ஏழு வருஷத்தக் கெடுத்துட்டியளே!" இன்னும் என்னென்னவோ வாயில் வந்ததையெல்லாம் கொட்டினேன். அவர் ஒரு பதில் சொன்னார். அது எதற்கு இங்கே?

எல்லாரும் போன பிறகு கேனில் ஒட்டியிருந்த பழைய தாளைக் கிழித்துப் போட்டேன்.

ஏப்ரல் 12, வெள்ளி

சார் கூப்பிட்டுவிட்டார். "வராந்தாவுல ஒரே சத்தமாமே?"

கேன் சுத்தமில்லை என்று மட்டும் சொன்னேன். எதனால் அது தெரிந்தது என்று அவர் கேட்கவேயில்லை. "அப்ப எழுத்துல குடுத்துரு. அந்த ஆளால எல்லாருக்கும் தொந்தரவு" என்றார். அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். 'பலமுறை எச்சரித்தும் கடமையில் அலட்சியம்.' கையெழுத்தும் போட்டேன். கோபத்தில் இருந்தேன்.

ஏப்ரல் 16, செவ்வாய்

சொரிமுத்து அண்ணாச்சியை நிறுத்திவிட்டார்களாம். பதினோரு வருஷம் தினக்கூலியாக இருந்தவர், ஒரு கடிதம்கூடத் தர வேண்டியதில்லை. நாளைக்கு வராதே என்றால் முடிந்தது. நான் வேலையை விட்டு எடுக்கச் சொல்லவில்லை. கண்டிக்கத்தான் எழுதினேன்.

பிளாஸ்க்குகளை நானே கழுவினேன்.

ஏப்ரல் 29, திங்கள்

கட்டுரையை ஏற்றுக்கொண்டார்கள். சார் துறை முழுக்க லட்டு கொடுத்தார். என் கையில் இரண்டு வைத்தார். தின்னவில்லை. குப்பைக் கூடையில் போட்டால் பார்ப்பார்கள் என்று கைப்பையில் போட்டுக்கொண்டு வந்தேன்.

மே 1, புதன்

விடுமுறை. காவலாளியிடம் சாவி வாங்கிப் போய்ப் பார்த்தேன். கேன் தண்ணீர் பூசிய தட்டில் எண்ணவே முடியவில்லை, அவ்வளவு. வழித்து எடுக்கலாம்.

மே 2, வியாழன்

சாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கண்ட்ரோல் தட்டை மேஜையில் வைத்தேன். அவர் அதைத் தொடவில்லை.

"புது இனம்தான? அதுல பொய் இல்லையே?"

"இனம் புதுசுதான் சார். ஆனா கசடுல இல்ல, நம்ம கேன்லதான் இருக்கு."

"கசடுலயும் இருக்கலாம். இல்லன்னு நிரூபிச்சியா?"

"பேரே தப்பு சார். சகதியில் வாழ்வதுன்னு வச்சிருக்கோம்."

"ஒரு தடவ அச்சுல ஏறிட்டா, பொருத்தமில்லன்னு சொல்லி எவனும் பேர மாத்த முடியாது. விதி. நீயே பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்திருக்க." கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டார். "கேனத் தூக்கிப் போடச் சொல்லிட்டேன். அந்த ஆளும் இப்ப இல்ல. ஒன் கையெழுத்துல புகாரும் இருக்கு. யாரு கேக்கப் போறா?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஏப்ரல் முதல் தேதி, அட்டவணையைப் பார்த்த அன்றைக்கே இந்த மனுஷனுக்குத் தெரிந்திருக்கிறது. முப்பது வருஷம் தட்டு எண்ணியவருக்குத் தெரியாமல் இருக்குமா? நாறப்பயல். சார் என்று இனி இந்த நோட்டில் எழுத மாட்டேன்.

மே 11, சனி

மரபணு வரிசையும் வந்துவிட்டது. கேனில் இருந்ததும் என்னுடையதும் ஒன்றே, ஒரு எழுத்துகூட மாற்றமில்லை.

வேறு யார் மேலும் கோபப்பட மிச்சமில்லை, எழுதித் தொலைக்கிறேன். ஏப்ரல் 10 அன்று அண்ணாச்சி சொன்ன பதில் இது: "நீங்கதானம்மா கழுவக் கூடாதுன்னு எழுதி ஒட்டுனிய?"

உண்மை. மூன்று வருஷத்துக்கு முன்னால் அவர் சோப்புப் போட்டுக் கழுவிய கேன் தண்ணீரால் என் கிருமிகள் இரண்டு மாதம் வளராமல் செத்தன. அன்றைக்கும் இதே வராந்தா, இதே கத்தல். 'இந்தக் கேனை யாரும் கழுவக் கூடாது. மீறினால் புகார் செய்யப்படும். சங்கரவடிவு.' கொட்டை எழுத்தில் எழுதி நானே ஒட்டினேன். சோப்பில்லாமல் சுடுதண்ணீரில் கழுவுங்கள் என்று ஒரு வரி சேர்த்திருக்கலாம். அந்த மனுஷர் நான் சொன்னதை மூன்று வருஷம் அப்படியே கேட்டார். வழவழ என்று இருக்கிறது என்று சொல்லவும் செய்தார். நான் அந்தத் தாளைக் கிழித்துவிட்டுப் புகாரில் கையெழுத்துப் போட்டேன்.

மே 19, ஞாயிறு

வீட்டில் இவரிடம் சொன்னேன். "ஏழு வருஷம் இருந்துட்ட, இன்னும் ஒரு மாசம் வாய வச்சுக்கிட்டுச் சும்மா இரேன் வடிவு. இதுல யாரும் சாகப் போறாங்களா?"

சாப்பாட்டுத் தட்டை நங்கென்று வைத்துவிட்டு எழுந்தேன். பத்து நாளாக எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்ததை அப்படியே சொல்கிறாரே என்றுதான் ஆத்திரம்.

மே 27, திங்கள்

பஸ் ஸ்டாண்டில் அண்ணாச்சியைப் பார்த்தேன். குட்டியானை வண்டியிலிருந்து குடிதண்ணீர்க் கேன்களை இறக்கிக் கடை கடையாகப் போட்டுக்கொண்டிருந்தார். தோளில் ஒன்று, கையில் ஒன்று. ஐம்பத்தாறு வயது. என்னைப் பார்த்தார். முகத்தைத் திருப்பிக்கொண்டு அடுத்த கேனைத் தூக்கினார்.

பஸ்ஸை விட்டுவிட்டேன்.

ஜூன் 3, திங்கள்

கட்டுரையின் மெய்ப்பு வந்தது. திருத்தம் இருந்தால் நாற்பத்தெட்டு மணி நேரத்தில் சொல்ல வேண்டும். எங்கிருந்து பிரித்தெடுக்கப்பட்டது என்ற வரியில், 'கழிவுநீர் நிலையக் கசடு' என்று அழகாக அச்சாகியிருக்கிறது.

அதை அடித்தேன். 'ஆய்வகத்தின் காய்ச்சி வடித்த நீர்க் கேன்' என்று எழுதினேன். லிமிகோலா என்று வந்த இடமெல்லாம் அடித்தேன், பத்தொன்பது இடம். புதுப் பெயரை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். இன்னும் அச்சேறவில்லை, இன்றைக்கு மாற்றினால் மாறும். எண்ணிக்கை அட்டவணை, கண்ட்ரோல் தட்டின் படம், மூன்றாம் நாள் எறிந்த கதை எல்லாவற்றையும் சேர்த்து ஆசிரியருக்கு அனுப்பினேன். ஞானதிரவியத்துக்கும் நகல். பயமில்லை என்று எழுதினால் பொய்.

ஜூன் 4, செவ்வாய்

"ஒனக்கென்ன கிறுக்கு பிடிச்சிருக்கா?" இந்த முறை வராந்தாவில் கத்தியது ஞானதிரவியம். ஆசிரியர் கட்டுரையை நிறுத்திவைத்துவிட்டாராம். முழுவதையும் மறுபடி ஆராய்ந்து சொல்வாராம், நான்கு மாதம் ஆகுமாம். "ஒன் ஆய்வேட்டுல என் கையெழுத்து விழாது. இருபத்தெட்டாந்தேதிக்கு அப்புறம் நீ யாரோ, இந்தத் துறை யாரோ!"

"அட்டவணைய ஏன் எடுக்கச் சொன்னிய?" என்றேன். பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "அத மட்டும் சொல்லுங்க. எல்லாருக்கும் கேக்கட்டும்."

அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். சந்தோஷமாக இருந்தது. அது ஒரு மணி நேரம் இருந்தது.

ஜூன் 7, வெள்ளி

பதிவாளர் அலுவலகத்தில் கடிதம் கொடுத்தேன். என் புகார் தவறு, திரும்பப் பெறுகிறேன், அவரை மீண்டும் வேலைக்கு எடுக்க வேண்டும் என்று. அங்கே இருந்த கிளார்க் வாசித்துப் பார்த்துவிட்டு, "நீங்களே ஒங்க தலையில மண்ண வாரிப் போட்டுக்கிடுதிய" என்றார். "முத்திரை குத்தித் தாங்க" என்றேன். நகலில் குத்தித் தந்தார்.

ஜூன் 9, ஞாயிறு

அந்த நகலை எடுத்துக்கொண்டு சொரிமுத்து அண்ணாச்சி வீட்டுக்குப் போனேன். குறுகலான தெரு, இரண்டு பக்கமும் ஓட்டு வீடுகள். வாசலில் லுங்கியோடு உட்கார்ந்திருந்தார். எழுந்திருக்கவில்லை.

"என்ன வேணும்?"

கடிதத்தை நீட்டினேன். "கண்ணாடி இல்ல. நீங்களே வாசிங்க" என்றார்.

மெதுவாக வாசித்தேன். பாதியில் கையைக் காட்டி நிறுத்தினார். "எனக்கு மட்டும் கேக்க வாசிக்காதிய. தெருவப் பாத்துத் திரும்பி நில்லுங்க. டாக்டரம்மா படிப்ப நான் கெடுத்துட்டேன்னு இந்தத் தெருவே பேசுது. என் மச்சினன், என் வீட்டுச் சோத்தத் தின்னுக்கிட்டு என்னையவே கேக்கான், ஒரு கேனக் கழுவ ஒமக்குத் துப்பில்லையான்னு."

திரும்பி நின்றேன். அவர் வீட்டம்மா உள்ளேயிருந்து ஈரக் கையோடு வந்தாள். எதிர்வீட்டுப் பெண்கள் இரண்டு பேர், சைக்கிளைப் பிடித்துக்கொண்டு ஒருவர். உரக்க வாசித்தேன். 'கேனைக் கழுவக் கூடாது என்று எழுதி ஒட்டியது நான். அது அழுக்காக இருப்பதாக அவர் சொன்னபோது கேட்காமல் விரட்டியதும் நான். அந்தத் தாளைக் கிழித்து மறைத்துவிட்டு அவர் மேல் பொய்ப் புகார் எழுதியதும் நான்.'

"எழுதுனது யாரு?" என்று சைக்கிள்காரர் கேட்டார்.

"அதயும் சொல்லுங்க" என்றார் அண்ணாச்சி.

"நான்தான். சங்கரவடிவு."

"வேல திரும்பக் கெடைக்குமா?" அவர் வீட்டம்மா கேட்டாள்.

"தெரியலக்கா. கடிதம் குடுத்திருக்கேன்."

"தெரியலயா?" அண்ணாச்சி எழுந்தே விட்டார். கழுத்து நரம்பு புடைத்தது. "பதினோரு வருஷம்! ஒரு நாள் லீவு போட்டிருப்பனா? நீ சொன்னதச் செஞ்சேன்ல? நீ எழுதி ஒட்டுனதத்தான செஞ்சேன்? இப்ப வந்து தெரியலன்னு சொல்லுத!"

என் படிப்பும் போயிற்று என்று சொல்ல வாய் வரை வந்தது. சொல்லவில்லை. அது அவருக்கு எதற்கு? சரி என்றும் சொல்லவில்லை, மன்னியுங்கள் என்றும் சொல்லவில்லை. எதைச் சொன்னாலும் அவர் கோபத்தில் பாதியை நான் எடுத்துக்கொண்ட மாதிரி ஆகும். நின்றேன்.

தெருக்கோடியில் ஒருவன் கையில் பையோடு வந்துகொண்டிருந்தான். அண்ணாச்சி அவனைப் பார்த்தார். மூச்சு வாங்கியபடி படியில் உட்கார்ந்தார்.

"அந்தா வாறான் பாரு, என் மச்சினன். அவன் வரட்டும். மொதல்ல இருந்து வாசி."

அவன் பக்கத்தில் வந்து நிற்கும்வரை காத்திருந்தேன். பிறகு முதலிலிருந்து வாசித்தேன்.